இரண்டு கண்காணிப்பு மெஷின், இரண்டு கதை: ஒத்துப்போக வைப்பது எப்படி?

ராத்திரி_ஷிஃப்ட் | திங்கள், காலை 7:05

ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கள் அலுவலகம், கோவையில் தொழிற்சாலை. சுவிட்ச், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் சேர்த்து 180 சொச்சம். இவற்றைக் கண்காணிக்க இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு ஸாபிக்ஸ் சர்வர், 5.0 பதிப்பு; அதன் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். சென்னையில் இருப்பதுதான் முதலில் வந்தது. "எங்களுக்கும் ஒரு திரை வேண்டும்" என்று கோவை டீம் கேட்டபோது அதையே குளோன் செய்து, ஐபி முகவரியை மட்டும் மாற்றி அங்கே ஓடவிட்டோம். மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் தம்பியாக ஆரம்பித்தவை இப்போது பங்காளிகள் மாதிரி நிற்கின்றன. சென்னையில் சேர்த்த 14 சுவிட்சுகள் கோவையில் இல்லை. கோவையில் மாற்றிய அலாரம் அளவுகள் சென்னைக்குத் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி மதுரை கிடங்குக்குப் போகும் லிங்க் விழுந்தது. சென்னைத் திரையில் அலாரத்தைப் பார்த்து அக்னாலட்ஜ் செய்துவிட்டு ('பார்த்துவிட்டேன்' என்று குறிப்பது), லிங்க் தரும் நிறுவனத்தை அழைத்தேன். விழுந்த நேரம் 2:41 என்று சொன்னேன். நான் அழுத்தியது கோவைத் திரைக்கு எப்படித் தெரியும்? அங்கே அது சிவப்பாகவே இருந்திருக்கிறது. அங்கிருந்த பையன் தன் பங்குக்கு அவனும் அழைத்திருக்கிறான். அவன் திரையில் விழுந்த நேரம் 2:34. ஒரே லிங்க், இரண்டு டிக்கெட், இரண்டு நேரம். காலையில் இரண்டையும் மூடிவிட்டு, நேரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

என் திட்டம் இதுதான்: 10 நிமிடத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து கோவைக்கு ஆர்சிங்க், அதாவது கோப்புகளை நகலெடுப்பது. கான்ஃபிக், மைஎஸ்க்யூஎல் டேட்டா ஃபோல்டர் எல்லாம் சேர்த்து. குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் போட்டுவிட்டால் முடிந்தது. சரிதானே?


பழைய_டெலிகாம் | திங்கள், காலை 9:40

தம்பி, அந்தக் கிரானைப் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரை ஆர்சிங்க் செய்தால் கிடைப்பது நகல் இல்லை, கதம்பம். முதல் கோப்பை எடுக்கும்போது மணி 10:00, கடைசிக் கோப்பை எடுக்கும்போது 10:04. நடுவில் எழுதப்பட்டதில் பாதி வரும், பாதி வராது. மறுபக்கம் பெரும்பாலும் திறக்காது. திறந்துவிட்டால் இன்னும் ஆபத்து, தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மாதக்கணக்கில் தெரியாது.

அடுத்தது திசை. நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். கான்ஃபிக் ஃபோல்டரை 'ஏ' மெஷினிலிருந்து 'பி'-க்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை, டெலீட் ஆப்ஷனோடு ('ஏ'-யில் இல்லாததை 'பி'-யிலும் அழித்துவிடும்) அனுப்புவேன். ஒரு நாள் 'ஏ'-யின் டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டு, ஓஎஸ் ஏற்றி, கிரான் உட்பட சிஸ்டம் கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து மீட்டோம். நாகியோஸ் கான்ஃபிக்தான் பாக்கி. அதுதான் 'பி'-யில் பத்திரமாக இருக்கிறதே, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது 'பி'-யும் காலி. மீட்ட கிரான் தன் வேலையைச் சரியாகச் செய்து, 'ஏ'-யின் காலி ஃபோல்டரைக் கொண்டுபோய் 'பி' மேல் கவிழ்த்துவிட்டது. 300 சாதனங்களைக் கையால் திரும்ப அடித்தோம். அன்றைக்குக் குடித்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நீங்கள் 'ஒத்திசைவு' என்று ஒரே வார்த்தையில் சொல்வது ஒரே பொருள் இல்லை. எதையெல்லாம் ஒன்றாக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். எந்தக் கருவி என்பது அதற்குப் பிறகு.


ராத்திரி_ஷிஃப்ட் | திங்கள், மாலை 6:15

கிரான் இன்னும் போடவில்லை சார், நல்லவேளை.

எழுதிப் பார்த்தேன். சாதனப் பட்டியலும் அவற்றின் எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் முறை) பாஸ்வேர்டுகளும், அலாரம் அளவுகள், யார் எந்த அலாரத்தை அக்னாலட்ஜ் செய்தார், பராமரிப்பு நேரம், கிராஃப், மிப் கோப்புகள் (சாதனம் அனுப்பும் எண்களுக்குப் பெயர் சொல்பவை), லாகின், மேப். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: ஒரே போர்ட்டுக்கு இரண்டு திரையிலும் கிராஃப் வேறு மாதிரி வருகிறது. சென்னையில் 71 எம்பிபிஎஸ் என்றால் கோவையில் 66.


பழைய_டெலிகாம் | திங்கள், இரவு 8:30

கிராஃபை முதலில் கழித்துவிடுவோம், அதில் பழுது எதுவும் இல்லை. இரண்டு மெஷினும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, போர்ட்டில் போன டேட்டாவை எண்ணும் கவுன்டரைப் படிக்கின்றன. ஒன்று 10:00-க்கு, மற்றது 10:02-க்கு. ஒரே ஆற்றில் இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில் குடம் முக்கினால் தண்ணீர் ஒரே மாதிரி கலங்கியிருக்காது. தனித்தனியாக அளக்கும்வரை எண்கள் கொஞ்சம் விலகத்தான் செய்யும். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: ஒரு பக்கம் 32 பிட் கவுன்டரையும் மறுபக்கம் 64 பிட் கவுன்டரையும் படித்தால் அது நிஜமான தப்பு. 1 ஜிபிபிஎஸ் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 32 பிட் கவுன்டர் சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடித்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவருக்கு நடுவில் எத்தனை சுற்று போனது என்று தெரியாது.

மீதி இருப்பதை நான் இப்படிப் பார்ப்பேன். எதைக் கண்காணிக்க வேண்டும் என்பது மனிதன் முடிவு செய்வது, மெதுவாக மாறும். அதற்கு ஒரே ஒரு மூலப்பிரதி இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்க வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, யார் பார்த்தார்கள் என்பது நொடிக்கு நொடி மாறும். அதை நகலெடுத்துக் கட்டிக்காக்க முடியாது, எல்லாரும் ஒரே இடத்தில் எழுத வேண்டும். பழைய அளவுகள் ஒரு பக்கம் பத்திரமாக இருந்து, மறுபக்கம் பேக்கப் இருந்தால் போதும்.

உங்கள் சனிக்கிழமை வம்புக்குக் காரணம் இந்த மூன்றில் நடுவில் இருப்பது, அதாவது யார் பார்த்தார்கள் என்பது. நீங்கள் ஆர்சிங்க்கில் தீர்க்கப் பார்த்தது மற்ற இரண்டை.


நொடிமுள் | திங்கள், இரவு 10:10

இவ்வளவு பேசியும் அந்த 7 நிமிடத்தை யாரும் தொடவில்லையே! டேட்டாபேஸை எப்படி ஒன்றாக்கினாலும், கடிகாரம் இரண்டாக இருந்தால் சண்டை தீராது.

கோவை மெஷின் விஎம் (இன்னொரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) என்றால், ஹோஸ்ட் பக்கம் நேரம் சரிசெய்யும் டூலும் உள்ளே என்டிபியும் (நெட்வொர்க் வழியாக நேரம் எடுப்பது) ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இழுக்கும், மற்றது தள்ளும். ஒன்றை நிறுத்துங்கள். குரோனி என்ற என்டிபி மென்பொருளைப் போட்டு 'குரோனிசி டிராக்கிங்' அடித்தால் எவ்வளவு விலகல் என்று அதுவே சொல்லும்.

இரண்டு நேர சர்வர் மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. குறைந்தது நான்கு கொடுங்கள். சாதனங்கள் எல்லாம் வெளியே போக வேண்டாம். ஊருக்கு ஒரு உள்சர்வர் வெளியிலிருந்து நேரம் எடுக்கட்டும், சுவிட்சுகள் அதைக் கேட்கட்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் இது கட்டாயமே: என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடோ, அவற்றை மூலமாகக் கொண்ட சர்வரோடோ கடிகாரங்களை இணைக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். ஆடிட்டர் வரும்போது 7 நிமிட வித்தியாசத்தை எப்படி விளக்குவீர்கள்?

சுவிட்சின் நேரமும் முக்கியம். சிஸ்கோ லாகில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி தெரிந்தால், "இந்த நேரத்தை நம்பாதே, என் கடிகாரம் எதோடும் இணையவில்லை" என்று அந்தப் பெட்டியே சொல்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்கில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர்கள் பலர். நானும் ஒருவன்.


ராத்திரி_ஷிஃப்ட் | செவ்வாய், அதிகாலை 3:20

ஷிஃப்டில் இருக்கிறேன். பார்த்துவிட்டேன். கோவை மெஷினில் என்டிபி ஓடவே இல்லை. குளோன் செய்தபோது ஃபயர்வாலில் புது ஐபி-க்கு 123-ஆம் போர்ட் திறக்கவில்லை. மூன்று வருடம் தன் போக்கில் நடந்து 7 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. 20 சுவிட்சில் அந்த நட்சத்திரமும் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.


லேப்_ரவுட்டர் | செவ்வாய், காலை 8:50

குளோன் என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எஸ்என்எம்பி வெர்ஷன் 3 டிராப் அல்லது இன்ஃபார்ம் வாங்குகிறீர்களா? அப்படியானால் இரண்டு மெஷினுக்கும் இப்போது ஒரே எஞ்சின் ஐடி, அதாவது எஸ்என்எம்பி-யில் மெஷினின் அடையாள எண்.

தெரியாதவர்களுக்காக: டிராப் என்பது சாதனம் 162-ஆம் போர்ட்டுக்கு யுடிபி-யில் எறிந்துவிட்டு மறந்துவிடும் தகவல். போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது. இன்ஃபார்ம் என்றால் பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். வெர்ஷன் 3-இல் டிராப்புக்கு அனுப்பும் சாதனத்தின் எஞ்சின் ஐடியை வைத்து சாவி உருவாகும். இன்ஃபார்முக்கு நேர் எதிர், வாங்கும் மெஷினின் ஐடிதான் கணக்கு. அந்த ஐடியோடு அது எத்தனை முறை பூட் ஆனது, எத்தனை நொடி ஓடியது என்ற கணக்கும் சேர்ந்து போகும். பூட் எண் மாறியிருந்தாலோ நேரம் 150 நொடிக்கு மேல் விலகினாலோ வாங்குபவர் தூக்கி எறிந்துவிடுவார். ஒரே ஐடி, இரண்டு மெஷின், இரண்டு பூட் கணக்கு என்றால் சாதனம் யாருடைய கணக்கை நம்பும்? ஒரு பக்கம் வரும், மறுபக்கம் வராது, ரீஸ்டார்ட் செய்தால் மாறி வரும். ஆவி புகுந்தது போல இருக்கும்.

ஆக, ஒன்றாகவே இருக்கக் கூடாதவையும் உண்டு: எஞ்சின் ஐடி, மெஷின் ஐடி, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவி. குளோன் செய்ததும் இவற்றை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும்.


ராத்திரி_ஷிஃப்ட் | செவ்வாய், காலை 9:05

ஐயோ. "கோவைக்கு இன்ஃபார்ம் சில நாள் வரும், சில நாள் வராது" என்று ஒரு வருடமாக ஃபயர்வால் டீமைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.


அட்டவணைக்காரன் | செவ்வாய், காலை 11:30

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸாபிக்ஸ் 6.0 (2022) முதல் ஹை அவெய்லபிலிட்டி (ஒன்று விழுந்தால் மற்றது தொடர்வது) உள்ளேயே இருக்கிறது. ஒரே டேட்டாபேஸ், இரண்டு சர்வர் நோடுகள். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஒவ்வொன்றும் 5 நொடிக்கு ஒருமுறை டேட்டாபேஸில் "இருக்கிறேன்" என்று எழுதும். வேலை செய்யும் நோட் பேச்சுமூச்சின்றிப் போனால், இயல்பான அமைப்பில் 1 நிமிடம் பார்த்துவிட்டு மற்றது எடுத்துக்கொள்ளும். முறையாக நிறுத்தினால் அந்த ஒரு நிமிடம்கூட இல்லை. வெப் திரை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், எல்லாம் ஒரே டேட்டாபேஸைத்தான் படிக்கும். சென்னையில் அழுத்திய அக்னாலட்ஜ் அடுத்த ரிஃப்ரெஷில் கோவையில் தெரியும். ஒத்திசைக்க எதுவுமே இல்லை, ஏனென்றால் இரண்டாவது பிரதியே இல்லை. 5.0-ஐ விட்டு வெளியே வாருங்கள்.


லேப்_ரவுட்டர் | செவ்வாய், பகல் 12:10

அழகாகத்தான் இருக்கிறது. சென்னை–கோவை லிங்க் விழுந்தால்? டேட்டாபேஸ் சென்னையில். கோவை நோட் அதைத் தொட முடியாது, சும்மா உட்கார்ந்திருக்கும். 90 சாதனங்கள் உள்ள தொழிற்சாலை குருடாகிவிடும். இன்றைக்கு அவர்களிடம் இருக்கும் ஒரே நல்ல விஷயம், இரண்டும் தனித்தனி என்பதுதான். அதையும் பிடுங்கச் சொல்கிறீர்கள்.

இரண்டையும் தனியாகவே விடுங்கள். சாதனப் பட்டியலை ஒரு கிட் ரெப்பாசிட்டரியில் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கோப்புக் களஞ்சியம்) வைத்து, பல மெஷினில் ஒரே மாற்றத்தைச் செய்யும் ஆன்சிபிள் மூலம், ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக இரண்டு சர்வரிலும் ஏற்றுங்கள். யாரும் வெப் திரையில் கை வைத்து சாதனம் சேர்க்கக் கூடாது.


அட்டவணைக்காரன் | செவ்வாய், பகல் 12:25

அக்னாலட்ஜை என்ன செய்வீர்கள்? இரண்டு சர்வரிலும் ஒரே லிங்க் விழுந்ததற்கு நிகழ்வு எண் வேறு வேறு. அங்கே 88120, இங்கே 40417. ஏபிஐ-யில் அக்னாலட்ஜ் செய்ய நிகழ்வு எண் வேண்டும். எந்தச் சாதனம், எந்தப் போர்ட், எந்த டிரிக்கர் (அலாரம் விதி) என்று பெயரை வைத்துப் பொருத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்கள் எழுதி, அது உடையும்போதெல்லாம் நீங்களே எழுந்து சரி செய்ய வேண்டும்.


லேப்_ரவுட்டர் | செவ்வாய், பகல் 12:40

எழுதியிருக்கிறேன். உடைந்தும் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.


யாழ்_வலை | செவ்வாய், பிற்பகல் 3:00

வணக்கம் அண்ணாமார். நடுவில் ஒரு வழி இருக்கிறது, புரொக்ஸி. நாங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான் வைத்திருக்கிறோம். தளத்துக்கு ஒரு ஸாபிக்ஸ் புரொக்ஸி போட்டால் அந்தத் தளத்துச் சாதனங்களை அதுவே கேட்டு எடுக்கும். எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சர்வரிடமிருந்து தானாகப் பெற்றுக்கொள்ளும், ஆகவே சாதனப் பட்டியல் விலகவே விலகாது. லிங்க் போனால் அளவுகளைத் தன்னிடம் சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும். அந்தச் சேமிப்பு இயல்பில் 1 மணித்தியாலம்தான், அதைக் கூட்டி வையுங்கள். இங்கே ஒருமுறை லிங்க் 9 மணித்தியாலம் போய், 8 மணித்தியாலக் கிராஃப் வெற்றிடமாகிய பிறகுதான் அந்த அமைப்பை வடிவாகப் பார்த்தோம்.

ஒரு குறை. அலாரத்தைக் கணிப்பது சர்வர்தான், புரொக்ஸி இல்லை. லிங்க் இல்லாத நேரத்தில் தளத்தில் இருப்பவருக்குத் திரையில் ஒன்றும் வராது.


பழைய_டெலிகாம் | செவ்வாய், இரவு 9:15

இந்தக் குறைக்குப் பெரிய மருந்து வேண்டாம். எச்பி ஓப்பன்வியூவிலும் இதே பிரிவினைதான்: மேனேஜ்மென்ட் ஸ்டேஷன் ஒன்று, தளங்களில் கலெக்ஷன் ஸ்டேஷன்கள். அன்றைக்கு நாங்கள் செய்ததை இன்றும் சொல்கிறேன். கோவையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை எடுங்கள். தொழிற்சாலைக்கு உயிர்நாடியான 10, 12 பெட்டிகளை மட்டும் பிங் செய்து, பதில் வராவிட்டால் சத்தம் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட விடுங்கள். அதில் சென்னை ஸாபிக்ஸ் சர்வரின் முகவரியையும் சேருங்கள். சென்னையிலும் ஒன்று வைத்து, கோவை புரொக்ஸியைப் பார்க்கச் சொல்லுங்கள். காவல்காரனைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

அந்த டெஸ்க்டாப்பை எதோடும் இணைக்க வேண்டாம். பட்டியல் ஒரு காகிதத்தில் இருந்தால்கூடப் போதும். அது முட்டாளாக இருப்பதுதான் அதன் பலம்.

டேட்டாபேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கோவையில் ஒரு மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகா (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகல்) வையுங்கள், படிக்க மட்டும். இரண்டு பக்கமும் எழுதலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். ஸாபிக்ஸ் தன் வரிசை எண்களில் பலவற்றை ஒரு அட்டவணையில் தானே வைத்து எண்ணிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் எழுதினால் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். தானாக இடம் மாறும் ஏற்பாடும் இரண்டு ஊரை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். லிங்க் அறுந்தால் இரண்டுமே "மற்றவன் செத்துவிட்டான், இனி நான்தான்" என்று கிளம்பும். கலேரா போன்ற டேட்டாபேஸ் கிளஸ்டர்கள் மூன்று இடம் கேட்பதும் இதனால்தான், பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். உங்களிடம் மூன்றாவது இடம் இல்லை. ஆகவே மனிதன் கையால் மாற்றட்டும். பழைய டேட்டாபேஸ் மெஷினின் பவர் அணைந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த ஒருவர் போனில் சொன்ன பிறகே ரெப்ளிகாவை எழுத அனுமதிக்க வேண்டும். "பிங் வரவில்லை" என்பது அணைந்ததற்குச் சாட்சி இல்லை.


நொடிமுள் | செவ்வாய், இரவு 10:00

டிராப்பை எங்கே அனுப்புவது என்று யாராவது சொல்லுங்கள். கீப்அலைவ்டி வைத்து ஒரு மிதக்கும் ஐபி (ஒரு மெஷின் விழுந்தால் மற்றதற்குத் தாவும் முகவரி) கொடுத்தால் ஒரே முகவரி போதாதா?


லேப்_ரவுட்டர் | புதன், காலை 8:30

கீப்அலைவ்டி பயன்படுத்தும் விஆர்ஆர்பி ஒரே லேனுக்குள் வேலை செய்வது. சென்னைக்கும் கோவைக்கும் நடுவில் மிதக்காது. லேயர் 2-ஐ, அதாவது அந்த ஒரே லேனை, 500 கிலோமீட்டர் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். ஒரே ரேக்கில் இரண்டு மெஷின் இருந்தால் சரி. (அப்போதும் மாதிரி கான்ஃபிக்கில் இருக்கும் 51 என்ற ரவுட்டர் ஐடியை அப்படியே ஒட்டாதீர்கள். பக்கத்து டீமும் அதையே ஒட்டியிருக்கும்.)

சாதனத்திலேயே இரண்டு முகவரியும் எழுதுங்கள், இரண்டு புரொக்ஸிக்கும் போகட்டும். இதுதான் உலகத்திலேயே எளிதான ஒத்திசைவு. 180 பெட்டியிலும் எழுத ஆன்சிபிள். பழைய பெட்டி ஒரே முகவரிதான் ஏற்கும் என்றால் சாம்ப்ளிகேட்டர் போடுங்கள், வரும் யுடிபி பாக்கெட்டை அனுப்பியவரின் முகவரி மாறாமலே இரண்டாக்கி அனுப்பும் வசதி அதில் உண்டு. டிராப் வாங்கும் மென்பொருளான எஸ்என்எம்பி-டிராப்டி-யின் ஃபார்வர்ட் மூலம் அனுப்பினால் பாக்கெட்டில் இடைமெஷினின் முகவரிதான் இருக்கும், எந்தச் சுவிட்ச் கத்தியது என்று தேட வேண்டும்.

மிப் கோப்புகளும் வெர்ஷன் 3 யூசர்களும் கிட்டில் இருக்கட்டும், இரண்டு புரொக்ஸிக்கும் ஒரே பிளேபுக் (ஆன்சிபிளின் வேலைப் பட்டியல்). மிப் ஒரு பக்கம் இல்லாவிட்டால் அங்கே அலாரம் 1.3.6.1.4.1.2636 என்று நீளமான எண்ணாக நிற்கும். அது ஜூனிப்பர் என்று ராத்திரி 3 மணிக்கு யாருக்கு ஞாபகம் வரும்?

இன்னொன்று. சாதனங்களின் கான்ஃபிக் பேக்கப்புக்கு ஆக்ஸிடைஸ்ட் வைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஓடட்டும். இரண்டும் ஓடினால் ஒவ்வொரு சுவிட்சிலும் மணிக்கு இரண்டு லாகின், அப்புறம் கிட்டில் புஷ் மோதல்.


ராத்திரி_ஷிஃப்ட் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:45

செய்து முடித்துவிட்டோம். என்ன ஆனது என்று சொல்லாமல் போவது மரியாதை இல்லை.

முதல் வாரம் நேரம் மட்டும். ஊருக்கு ஒரு குரோனி சர்வர், 180 சாதனங்களுக்கும் ஆன்சிபிளில் என்டிபி. நட்சத்திரங்கள் போய்விட்டன, 3 பெட்டிகளைத் தவிர. அவை அவ்வளவு பழையவை, கையால் போட்டேன். உண்மையைச் சொன்னால், மேனேஜர் இதிலேயே பாதி சமாதானம் ஆகிவிட்டார்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் பட்டியல். இரண்டு சர்வரிலிருந்தும் ஏற்றுமதி செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் இருந்தவை 151. சென்னையில் மட்டும் 22. நான் 14 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோவையில் மட்டும் 9. அதில் 4 பெட்டி இரண்டு வருடத்துக்கு முன்பே கழற்றப்பட்டவை, யாரும் நீக்கவில்லை. அலாரம் அளவில்தான் சண்டை. கோவையில் சிபியு 95 சதவீதத்துக்கு மேல் போனால்தான் கத்தும் என்று வைத்திருந்தார்கள், எங்களிடம் 80. ஏன் 95 என்று கேட்டால், 80 வைத்தால் ஒரு குறிப்பிட்ட ஃபயர்வால் தினமும் பேக்கப் நேரத்தில் கத்தி எழுப்புகிறதாம். நியாயம்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் 95, மற்றதற்கு 80 என்று முடித்தோம். ஆர்சிங்க் போட்டிருந்தால் அவர்கள் கண்டுபிடித்த இந்த விஷயம் ஒரு 10 நிமிடத்தில் காணாமல் போயிருக்கும்.

அப்புறம் 7.0-க்கு மாறினோம். சென்னையில் டேட்டாபேஸ், கோவையில் ரெப்ளிகா. ஊருக்கு ஒரு நோட், ஒரு புரொக்ஸி, ஒரு வெப் திரை. புரொக்ஸி சேமிப்பை 48 மணி ஆக்கினேன், நன்றி யாழ்_வலை. கோவை மெஷினைக் குளோன் செய்யாமல் புதிதாக நிறுவினோம். இன்ஃபார்ம் ஒழுங்காக வருகிறது. ஃபயர்வால் டீமுக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

ஒரு நோட் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்கிறதா என்ற சோதனைக்கு இன்று நாள் குறித்திருந்தோம், காலை 11 மணிக்கு. 10:20-க்கு எலக்ட்ரீஷியன் யுபிஎஸ் பார்க்க வந்தவர் சென்னை ரேக்கில் தப்பான பிரேக்கரை இறக்கிவிட்டார். டேட்டாபேஸ் மெஷினுக்கு இரண்டு பவர் சப்ளை, நின்றது. நோடுக்கு ஒன்றுதான், அணைந்தது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கோவை நோட் எடுத்துக்கொண்டுவிட்டது. கோவைப் பையன் போன் செய்து, "அண்ணா, சோதனை 11 மணிக்கு என்றீர்கள்" என்றான்.

அவன் திரையிலும் என் திரையிலும் விழுந்த நேரம் 10:20:37.


அட்டவணைக்காரன் | ஞாயிறு, மாலை 6:00

அந்தப் பழைய டெஸ்க்டாப்?


ராத்திரி_ஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 6:10

வைத்தோம். 11 பெட்டிகளைப் பார்க்கிறது. லிங்கைக் கழற்றிச் சோதித்தபோது அதுதான் முதலில் கத்தியது. சத்தத்துக்கு கோவை டீம் அதில் ஆட்டோ ஹார்ன் போட்டிருக்கிறார்கள். ரெப்ளிகாவை எழுத மாற்றும் சோதனை மட்டும் பாக்கி, அடுத்த மாதம்.

ஒரு சின்னக் குழப்பம். நேற்று ஒரு சிஸ்கோ சுவிட்ச் ரீபூட் ஆனது. அப்புறம் மதுரை லிங்க் என்ற பெயரில் பிரிண்டர் போர்ட்டின் டிராஃபிக் வந்தது. ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது.


லேப்_ரவுட்டர் | ஞாயிறு, மாலை 6:25

ரீபூட்டில் போர்ட்டுகளின் இன்டெக்ஸ் எண் இடம் மாறியிருக்கும். அடுத்த டிஸ்கவரி (போர்ட்டுகளைத் திரும்பக் கண்டறிவது) ஓடும்வரை ஸாபிக்ஸ் பழைய எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த எண் மாறாமல் வைக்கும் இஃப்இன்டெக்ஸ் பெர்சிஸ்ட்டைச் சுவிட்சில் போட்டீர்களா?


ராத்திரி_ஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 6:27

இல்லை. இதோ, பிளேபுக்கைத் திறந்துவிட்டேன்.